ஒற்றைத் தூண் வட்ட மேசை: வீட்டில் செய்யும் முறை

இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழ் வன்னியில் கட்டப்பட்ட வீட்டின் அளவு ஏறக்குறைய 550 சதுர அடி. அதற்குள் இரண்டு அறையும் ஒரு கூடமும் ஒரு குசினியும் அடங்க வேண்டும். 1997இலும் பின்னர் 2008இலும் இடம்பெயர்ந்து, முகாம் வாழ்க்கையையும் கண்டு திரும்பிய குடும்பங்களுக்கு அந்த வீடு பெரிய ஆறுதல். ஆனால் சுவரும் கூரையும் வந்த பிறகும் உள்ளே தளபாடம் வருவது தாமதமாகிறது. வீதியோரக் கடையில் தவணை முறையில் எடுப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தப் பலகையில் செய்து மேலே படம் ஒட்டிய மேசைகள் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கின்றன. இரண்டு மாரி கண்டபின் விளிம்பு ஊதி, திருகாணி பிடிக்காமல் கழன்று விழும்போது தவணை மட்டும் மிஞ்சி நிற்கும். நுண்கடன் சுமை எவ்வளவு தூரம் போனது என்பதை நாம் அறிவோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது.

பாய் விரித்து நிலத்தில் இருந்து சாப்பிடுவது நமது வழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முழங்கால் வருத்தக்காரருக்கும், செயற்கைக் கால் பூட்டியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் நிலத்தில் இருக்க முடியாது. வீட்டில் எல்லோரும் பாயில் இருக்க, ஒருவர் மட்டும் கதிரையில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதை வன்னியில் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். அப்படிப்பட்ட வீட்டுக்கு நாலுகால் மேசையைவிட நடுவில் ஒரே தூண் உள்ள வட்ட மேசையே ஏற்றது. மூலையில் கால் இல்லாதபடியால் எந்தப் பக்கத்தாலும் கதிரையை அணைக்கலாம். நீட்டிய காலோ, ஊன்றுகோலோ, சக்கரமோ தட்டுப்படாது. குருமடத்தில் நீண்ட மேசையில் பல வருடம் சாப்பிட்டவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன்: நீண்ட மேசையில் எதிரே இருப்பவரையும் பக்கத்தில் இருப்பவரையும் தவிர மற்றவர் முகம் தெரியாது. வட்ட மேசையில் எல்லோர் முகமும் தெரியும், சோற்றுப் பாத்திரமும் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்கும்.

அளவை முதலில் தீர்மானிப்போம். ஒருவர் முழங்கை இடியாமல் சாப்பிட விளிம்பில் 24 அங்குலம் தேவை. 4 அடி குறுக்களவுள்ள வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 150 அங்குலம். ஆகவே ஆறு பேருக்குத் தாராளம். 3½ அடி வட்டத்தில் ஐந்து பேர் இருக்கலாம், 3 அடி வட்டத்தில் நான்கு பேர். இப்பாடத்தில் 4 அடி மேசையை எடுத்துக்கொள்கிறோம். உயரம் 30 அங்குலம்.

மேசை விழாமல் நிற்பது எதனால்?

ஒற்றைத் தூண் மேசையைச் செய்பவர்கள் பெரும்பாலும் மேற்பலகையிலேயே கவனத்தைச் செலவிடுகிறார்கள். மேசையின் உயிர் அடியில்தான் இருக்கிறது. இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

நாம் செய்யும் மேசையின் நிறை ஏறக்குறைய 40 கிலோ. அதற்கு நான்கு பாதங்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றும் 18 அங்குலம் நீண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரண்டு பாதங்களுக்கு இடையே நின்று விளிம்பை அமுக்கினால், மேசை அந்த இரண்டு பாத நுனிகளையும் இணைக்கும் கோட்டின் மேல்தான் சாயப் பார்க்கும். அந்தக் கோடு நடுவிலிருந்து 12¾ அங்குலத்தில் இருக்கிறது. விளிம்பு நடுவிலிருந்து 24 அங்குலம். ஆகவே 11¼ அங்குலம் கோட்டுக்கு வெளியே நீட்டி நிற்கிறது. மேசையின் 40 கிலோ நிறை உள்ளே 12¾ அங்குலத்தில் இருந்து இழுக்கிறது. அமுக்குபவரின் பாரம் வெளியே 11¼ அங்குலத்தில் இருந்து இழுக்கிறது. இரண்டும் சமமாவது 45 கிலோவில். அதாவது ஒருவர் கையை ஊன்றி எழும்பினால் மேசை அசையாது. வளர்ந்தவர் ஒருவர் விளிம்பில் ஏறி இருந்தால் விழும்.

இப்போது பாதத்தை 12 அங்குலமாகக் குறைத்துப் பாருங்கள். அதே கணக்கில் 22 கிலோ போதும், மேசை சாய்ந்துவிடும். அது ஏழு வயதுப் பிள்ளையின் நிறை. பிள்ளை விளிம்பில் தொங்க, கொதிக்கும் சொதிச் சட்டியும் சேர்ந்து பிள்ளையின் மேலே கவிழும். ஆறு அங்குல மரத்தை மிச்சம் பிடித்ததன் விலை அது. பாதம் மேற்பலகையின் குறுக்களவில் முக்கால் பங்காவது விரிந்திருக்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் மறக்க வேண்டாம்.

மூன்று பாதம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். மூன்று பாதம் மேடுபள்ளமான மண் தரையிலும் ஆடாது. ஆனால் 18 அங்குலப் பாதம் மூன்று மட்டும் இருந்தால் மேலே சொன்ன 45 கிலோ 24 கிலோவாகக் குறைந்துவிடும். மெழுகிய மண் தரைக்கு, மூன்றடி மேசைக்கு, மூன்று பாதம் பொருந்தும். சீமெந்துத் தரையில் நாலடி மேசைக்கு நான்கு பாதமே வேண்டும்.

நகரத்துக் கடைகளில் தாமரைத் தண்டு போல ஒடுங்கிய ஒரே காலில் நிற்கும் வட்ட மேசைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றுக்கு மூலம் ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் 1950களில் அமெரிக்காவில் வரைந்த மேசை. அதன் அடி வார்ப்பு உலோகம், பாரம் முழுவதும் நிலத்தோடு கிடக்கிறது. அதே உருவத்தை மரத்தில் செய்தால் நிற்காது. நமது நாட்டிலும் வட்ட மேசைக்கு நல்ல பரம்பரை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலி நகரப் பகுதித் தச்சர்கள் கருங்காலித் தூணின் மேல் வட்டப் பலகை அமைத்து, அதில் உள்நாட்டு மரங்கள் பலவற்றின் துண்டுகளைக் கதிர் போலப் பதித்துச் செய்தார்கள். அவை பெரும்பாலும் வெள்ளைக்காரர் வீடுகளுக்கே போயின, இன்று வெளிநாடுகளில் ஏலத்தில் விலை போகின்றன. அவற்றிலும் அடி அகன்றும் கனத்தும் இருப்பதைக் காணலாம்.

மரம்

வேம்பு, தேக்கு, மா ஆகிய மூன்றும் வீட்டு வளவிலோ அயலிலோ கிடைக்கக்கூடியவை. என் எண்ணத்தில் இந்த மேசைக்கு வேம்பு நன்று. பூச்சி எளிதில் அண்டாது, போதிய உரம் உண்டு. நார் முறுகி ஓடுவதால் சீவுளி சில இடங்களில் பிய்க்கும். பொறுமையாக, கூரான அலகால் மெல்லியதாகச் சீவ வேண்டும். தேக்கு சீவ எளிது, ஆனால் விலை அதிகம். மா மலிவு, உளுத்துப்போகும் என்பதால் பலகையாக்கியதும் போராக்ஸ் கரைசல் பூசி உலர விட வேண்டும். பாலை தூணுக்கும் வளைக்கும் ஏற்றதே தவிர மேசைப் பலகைக்கு ஏற்றதல்ல. கனமும் கடினமும் அதிகம், வெடிக்கும். முதிரை அருமையான மரம், ஆனால் அதைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம். அனுமதியின்றி வெட்டுவது குற்றம் என்பது ஒரு காரணம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத இடங்களில் ஒரு மேசைக்காகக் காலை வைப்பது அறிவீனம் என்பது அதைவிடப் பெரிய காரணம். பனையின் வைரம் வெளிப்புறத்தில் மட்டும் இருப்பதால் அகன்ற பலகை வராது.

சொந்த வளவு மரமாயினும் வெட்டுமுன் கிராம அலுவலரைக் கேளுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாட்டு)ச் சட்டம் சொல்கிறது. மரத்தை வளவுக்கு வெளியே மரக்காலைக்குக் கொண்டுபோவதற்குத் தனியாக அனுமதி வேண்டுமா என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டே உழவு இயந்திரத்தில் ஏற்றுங்கள். வழியில் மறிக்கப்பட்டால் மரமும் போய்விடும், அலைச்சலும் மிஞ்சும்.

புளியங்குளத்து மரங்களில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. 1997 மே மாதம் ஆரம்பித்த ஜயசிக்குறுய் படை நடவடிக்கையில் இந்தச் சந்தியைச் சுற்றி மாதக்கணக்காகச் செல் விழுந்தது. 1999இலும் 2008இலும் போர் மறுபடி இவ்வழியால் போனது. அந்தக் காலத்தில் நின்ற மரம் செல் துண்டையும் சன்னத்தையும் உள்வாங்கி, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெளியில் பார்க்க நல்ல மரம்தான். மரக்காலையில் வாள் அதில் பட்டால் பல் உடைந்து தெறிக்கும், அரிபவரின் கண்ணுக்கும் ஆபத்து. மரக்காலைக்காரர் வன்னி மரத்தை எடுக்கத் தயங்கினால் அவரைக் கோபிக்க வேண்டாம்.

அடிமரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பட்டை ஓரிடத்தில் மட்டும் உருண்டு தடித்து, அல்லது உதடு போல மடிந்து ஆறியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். குற்றியின் வெட்டுமுகத்தில் கறுநீலக் கறை ஓடியிருந்தால் உள்ளே எங்கோ இரும்பு துருப்பிடித்து மரச்சாற்றோடு கலந்திருக்கிறது என்பது பொருள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பட்டை உரித்த குற்றியை ஒட்டி மெதுவாக நகர்த்தினால், இரும்பு ஆழத்தில் இல்லாவிடில் காந்தம் அந்தப் பக்கம் சாயும். ஈயச் சன்னத்தைக் காந்தம் காட்டாது என்பதால் இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஐயமுள்ள துண்டை மெசின் வாளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுவதே சரி. முழு எறிகணை அல்லது வெடிக்காத பொருள் ஏதும் மரத்திலோ வேரிலோ தென்பட்டால் தொடாமல், அசைக்காமல், உடனே அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவியுங்கள்.

பழைய பங்கர்களிலிருந்து எடுத்த ரெயில் சிலிப்பர் கட்டைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1990இல் வடபகுதி ரெயில் சேவை நின்றபின் தண்டவாளமும் சிலிப்பரும் பங்கருக்குப் போன கதையை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. உளுக்காதிருக்க அக்கட்டைகளில் தார் எண்ணெய் ஏற்றுவது ரெயில்வேயின் வழக்கம். அது நஞ்சு, எவ்வளவு சீவினாலும் வெயிலில் மணக்கும், கசியும். அவை அரச சொத்து என்பது ஒருபுறமிருக்க, சோறு வைக்கும் பலகைக்கு அந்த மரம் வேண்டவே வேண்டாம்.

பலகையை அரிந்ததும் மேசை செய்ய முடியாது. பச்சைப் பலகையில் செய்த மேசை சித்திரை வெயிலில் பிளக்கும். நிழலான, காற்றோட்டமான இடத்தில், நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், பலகைக்குப் பலகை இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்குங்கள். குச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக இருக்க வேண்டும், இல்லாவிடில் பலகை அலையாக வளையும். பலகையின் இரு முனைகளிலும் பெயின்ற் அல்லது மெழுகு பூசுங்கள். ஈரம் முனையால் விரைந்து வெளியேறுவதே வெடிப்புக்குக் காரணம். ஓரங்குலப் பலகைக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. வன்னிக் காற்றில் அதற்கு முன்னரும் உலரலாம். ஊகிக்கத் தேவையில்லை: ஒரு பலகையை அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை வில்தராசில் நிறுத்து எழுதுங்கள். தொடர்ந்து நான்கு வாரம் நிறை மாறாமல் நின்றால் பலகை ஆயத்தம்.

பாதமும் தூணும்

இந்த முறையில் மேசையின் அடி முழுவதையும் நடுவில் ஓடும் ஓர் இரும்புக் கம்பி இறுக்கிப் பிடிக்கிறது. கைதேர்ந்த ஓடாவியார் கழுந்தும் துளையும் வெட்டி இரும்பில்லாமலே பொருத்திவிடுவார். வீட்டில் செய்பவருக்கு அது கடினம். மேலும் மரம் உலர்ந்து பொருத்துத் தளர்ந்தால் மீண்டும் இறுக்க வழியில்லை. கம்பியாயின் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

தேவையான மரம்: பாதத்துக்கு 3 அங்குலம் அகலம், 3 அங்குலம் உயரம், 36 அங்குலம் நீளமான சட்டம் இரண்டு. மேற்சட்டத்துக்கு 3 அங்குலம் அகலம், 2½ அங்குலம் உயரம், 34 அங்குலம் நீளமானது இரண்டு. தூணுக்கு ஓரங்குலக் கனத்தில் 23 அங்குலம் நீளமான பலகை நான்கு. அவற்றுள் இரண்டு 5 அங்குல அகலம், இரண்டு 3 அங்குல அகலம். இரும்புக் கடையில் அரை அங்குல ‘திறெட் பார்’ என்று கேட்டால் முழு நீளத்துக்கும் புரி வெட்டிய கம்பியைத் தருவார்கள். ஒரு மீற்றர்த் துண்டு ஒன்று போதும். அதற்கேற்ற நட் இரண்டு, அகன்ற வாசர் ஒன்று, இரண்டு அங்குலச் சதுர இரும்புத் தகடு ஒன்று வேண்டும்.

பாதச் சட்டங்கள் இரண்டையும் சிலுவை போல ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேலிருந்தும் மற்றதில் கீழிருந்தும் 1½ அங்குல ஆழத்துக்கு வெட்டினால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி ஒரே மட்டமாக நிற்கும். வாளைக் குறிக்கோட்டின் உட்புறமாகவே ஓட விடுங்கள். மீதியை உளியால் கொஞ்சங்கொஞ்சமாக எடுத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கும் அளவுக்குப் பொருத்துங்கள். கையால் தளர இறங்கினால் அது அதிகம் வெட்டியதாகும். மேற்சட்டங்களையும் இவ்வாறே 1¼ அங்குல ஆழத்துக்கு வெட்டிப் பொருத்துங்கள். பொருத்துகளுக்குப் பசையிட்டு இறுக்கி, மூலைமட்டத்தால் சரிபாருங்கள். பாதத்தின் நான்கு நுனிகளின் அடியிலும் அரை அங்குலக் கனமான, மூன்று அங்குலச் சதுரக் கட்டைகளை ஒட்டுங்கள். நிலத்தில் இந்த நான்கு கட்டைகள் மட்டுமே பட வேண்டும். நடுப்பகுதி பட்டால் மேசை பம்பரம் போல ஆடும். ஆடினால் நிலத்தில் படும் கட்டையை இழைத்துச் சரிசெய்வது எளிது.

பாத நுனிகளின் மேற்புறத்தையும், மேற்சட்ட நுனிகளின் கீழ்ப்புறத்தையும் சரிவாகச் சீவிவிடுங்கள். அழகுக்கு மட்டுமல்ல, கால்விரலும் முழங்காலும் இடிபடாமல் இருக்கவும் இது தேவை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இரண்டு பாதங்களுக்கு இடையே உள்ள இடமே ஒதுக்கப்பட வேண்டும்.

தூணுக்கு நான்கு பலகைகளையும் பெட்டிபோலச் சேர்த்து, பசையிட்டுத் திருகாணி பூட்டுங்கள். வெளியே 5 அங்குலச் சதுரமும், உள்ளே 3 அங்குலச் சதுர வெற்றிடமும் வரும். இரு முனைகளும் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு முனை சாய்ந்தால் மேசை முழுவதும் சாயும். பாதத்தின் நடுவிலும் மேற்சட்டத்தின் நடுவிலும், அந்த வெற்றிடத்துக்குள் இறுக்கமாக இறங்கக்கூடிய 1½ அங்குல உயரமான கட்டை ஒவ்வொன்றைப் பசையிட்டுத் திருகாணியால் பூட்டுங்கள். தூண் திரும்பாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கட்டைகள்தான். பின்னர் கட்டையும் சட்டமும் ஊடாக, கம்பி தாராளமாகப் போகும் அளவுக்குத் துளையிடுங்கள்.

பாதத்தின் அடிப்புறத்தில் துளையைச் சுற்றி 1½ அங்குல அகலம், முக்கால் அங்குல ஆழத்தில் குழி எடுங்கள். நட்டும் வாசரும் அதற்குள் மறைந்து நிற்கும். மேற்சட்டத்தின் மேற்புறத்தில் இரண்டு அங்குலச் சதுரக் குழியை அதே ஆழத்துக்கு எடுங்கள். வெல்டிங் செய்பவரிடம் கொடுத்துத் தகட்டின் நடுவில் துளையிட்டு, அதன்மேல் ஒரு நட்டை ஒட்டுவித்து, அந்தக் குழிக்குள் நட் மேலே இருக்கும்படி இறக்குங்கள். தகடு சதுரமாக இருப்பதால் நட் சுழலாது. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திக் கம்பியை அளந்த பின்னரே வெட்டுங்கள். கணக்கின்படி 28¼ அங்குலம் வரும், ஆயினும் உங்கள் மரத்தின் அளவே சரியான அளவு. கம்பியின் நுனி மேற்சட்டத்தின் மட்டத்துக்கு மேலே துருத்தக் கூடாது.

பாதத்தின் அடியிலிருந்து குழாய் வடிவான சொக்கட் ஸ்பானரால் இறுக்குங்கள். உழவு இயந்திரம் வைத்திருப்பவரிடம் 19ஆம் இலக்கம் இருக்கும். வாசர் மரத்தில் அழுந்தத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

மேற்பலகை

ஓரங்குலக் கனமும் ஐந்து முதல் ஆறு அங்குல அகலமும் உள்ள ஒன்பது பலகைகள் தேவைப்படும். நடுப்பலகைகள் 49 அங்குலம் நீளம் இருக்க வேண்டும். இரு ஓரங்களுக்கும் வட்டம் ஒடுங்குவதால் குட்டையான துண்டுகள் போதும். முனையில் தெரியும் வளையக் கோடுகள் ஒரு பலகையில் மேல்நோக்கி வளைந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வளையும்படி அடுக்குங்கள். இரண்டிரண்டாக விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையால் ஒளி தெரியாத வரை சீவ வேண்டும். இறுக்கும் கருவி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நேரான மரச்சட்டம் ஒன்றின் இரு முனைகளிலும் கட்டை அறைந்து, அதற்குள் பலகைகளை வைத்து, மீதி இடைவெளியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக அடித்தால் எந்தக் கருவிக்கும் குறையாமல் இறுகும். இப்படி மூன்று சட்டங்கள் வேண்டும். ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

வட்டம் கீற நூலைப் பயன்படுத்த வேண்டாம், நூல் இழுபடும். ஒடுங்கிய சட்டம் ஒன்றில் ஆணி ஒரு முனையிலும், பென்சில் 24 அங்குலத்திலும் இருக்கட்டும். பலகையின் அடிப்புறத்தில் கீறினால் ஆணித் துளை வெளியே தெரியாது. வளைவாக வெட்டும் வாள் இல்லாவிடில், வட்டத்தைத் தொட்டு நிற்கும் 48 அங்குலச் சதுரத்தைக் கீறி, ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரு பக்கமும் 14 அங்குலத்தில் குறித்து மூலைகளை வெட்டி நீக்குங்கள். எட்டு மூலைகள் வரும். அந்த எட்டையும் கோடு வரை வெட்டினால் பதினாறு. மீதியைச் சீவுளியாலும் அரத்தாலும் உருட்டி எடுக்கலாம். விளிம்பின் மேலும் கீழும் கூர் இல்லாமல் மழுக்குங்கள். தவழும் பிள்ளை எழும்பும்போது தலை இடிபடுவது அங்கேதான்.

இனி ஒரு நுட்பமான விடயம். பலகை நீளப்பாட்டுக்குக் கூடிக் குறையாது. ஆனால் அகலப்பாட்டுக்கு மார்கழி ஈரத்தில் விரியும், ஆவணிக் காற்றில் சுருங்கும். நாலடி அகலத்தில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இந்த மாற்றம் இருக்கலாம். உங்கள் வட்டம் வருடத்தில் சில மாதங்கள் உண்மையில் ஒரு மெல்லிய முட்டை வடிவம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதை ஆணி அறைந்து தடுத்தால் பலகை நடுவால் வெடிக்கும். நல்ல மரத்தில் கவனமாகச் செய்த மேசைகளும் முதல் வருடத்திலேயே வெடிப்பது இதனால்தான். எனவே மேற்பலகையைப் பசையிட்டு ஒட்டக் கூடாது, திருகாணி மட்டுமே. நாரின் வழியே ஓடும் மேற்சட்டத்தில் சாதாரணத் துளை போதும். நாருக்குக் குறுக்கே ஓடும் சட்டத்தில், நடுவை ஒட்டிய துளைகளைத் தவிர மற்றவற்றை நாருக்குக் குறுக்கான திசையில் அரை அங்குலம் நீளும்படி இழுத்து வெட்டுங்கள். அப்போது திருகாணி பலகையைப் பிடித்திருக்கும், பலகை அசையவும் இடமிருக்கும். நடுவுக்கு இருபுறமும், மேற்சட்டத்தில் முட்டாதபடி, நாருக்குக் குறுக்காகச் சட்டம் ஒவ்வொன்றை இதே முறையில் பூட்டினால் பலகை வளையாது. திருகாணியின் நுனி பலகைக்குள் முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

அரத்தாளால் நாரின் வழியே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் பூசுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் உலராது, நாளடைவில் சிக்கு மணம் எடுக்கும். வார்னிஷ் விரும்புபவர்கள் பூசலாம். எதைப் பூசினாலும் மேற்புறத்துக்குப் பூசியதை அடிப்புறத்துக்கும் பூச வேண்டும். ஒரு புறம் மட்டும் ஈரத்தைக் குடித்தால் பலகை கவிழும். அடுப்பால் இறக்கிய சட்டியை நேரே வைக்காமல் திருகணை ஒன்றை மேசையிலேயே வைத்திருங்கள்.

முதல் வருடத்தில் மாரி முடிந்ததும் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை பாதத்தின் அடியில் உள்ள நட்டை இறுக்கிப் பாருங்கள். அதன்பின் வருடத்துக்கு ஒருமுறை போதும்.

இடம் மாற்ற வேண்டி வந்தால் மேசையைக் கவிழ்த்து அந்த ஒரு நட்டைக் கழற்றினால் பாதம், தூண், மேற்பலகை என்று மூன்றாகப் பிரியும். கம்பியைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். கதவு நிலையையும் கூரைத் தகட்டையும் கழற்றிக்கொண்டு போன நமக்கு இது பெரிய வேலை அல்ல. இரண்டு பேர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். மேற்பலகையைப் பெட்டியின் ஓரத்தில் நிறுத்தி வைத்து, விளிம்புக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். படுக்கவைத்தால் அதன்மேல் பாரம் ஏற்றுவார்கள். கழற்றுமுன் தூணின் ஒரு பக்கத்திலும், அதற்கு நேரே பாதத்திலும் மேற்சட்டத்திலும் உளியால் சிறு அடையாளம் ஒன்று வெட்டிக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது அதே பக்கம் அதே இடத்தில் வரும். நட், வாசர், கம்பி மூன்றையும் ஒரு சிறு பையில் போட்டு மேற்பலகையின் அடியில் கட்டிவிடுங்கள்.